பட்டது

ஞானாதிக்கத்துக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்குத் தலைக்கு மேல் வந்தது.

முதல் உலகப் போருக்கு நாலைந்து வருஷம் முந்தி நடந்தது இது. பெல்ஜியத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் எட்டு தேசத்து வாள்வீரர்கள் கூடியிருந்தார்கள். அதில் புதுச்சேரித் தமிழன் இவன் ஒருத்தன்தான். வயது நாற்பது, துறைமுக ஆபீசில் எழுத்து வேலை. கூட வந்தவர் அமலோர் வாத்தியார். குருவுக்கு சிஷ்யனைவிட ஒன்பது வயது குறைவு. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கே வாள் பழக்கிய மனுஷர். இவன் அவரை "வாத்தியாரே" என்பான். அவர் இவனை "அண்ணே" என்பார்.

விளையாட்டு என்னவோ லேசுதான். ஆளுக்கு ஒரு வாள், முனை மழுங்கினது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எங்கே பட்டாலும் கணக்கு. எவனுக்கு முதலில் படுகிறதோ அவன் தோற்றான். ஒரே குத்து, ஆட்டம் முடிந்தது. ஒவ்வொருத்தனும் மற்ற எல்லாரோடும் ஆட வேண்டும், அதிக ஆட்டம் ஜெயித்தவனுக்குக் கோப்பை. சுற்றி நாலு நடுவர்கள் நிற்பார்கள். ஆனால் அந்த வேகத்தில் போகிற வாளை எந்தக் கண் பிடிக்கும்? அதனால் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். குத்து வாங்கினவனே வாயைத் திறந்து "பட்டது" என்று சொல்லிவிட வேண்டும்.

அமலோர் வாத்தியார் இன்னும் ஒரு படி மேலே போவார். அவரிடம் பழகுகிறவன் எங்கே பட்டது என்றும் சொல்ல வேண்டும். "பட்டது, தொடை." "பட்டது, தோள்." சொன்ன பிறகுதான் அந்த இடத்தைக் காக்கிற வித்தையைக் காட்டுவார்.

புதுச்சேரியில் வெள்ளைக்காரர்களின் வாள் மன்றம் ஒன்று இருந்தது. முன்வாசல் வழியாகத் தமிழன் நுழையக் கூடாது. கொல்லைப்புறம் குதிரை லாயத்தை ஒட்டிக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். குருவும் சிஷ்யனும் ஆறு வருஷம் குதிரை லத்தி நாற்றத்தில்தான் வாள் வீசினார்கள். கிளம்புகிற அன்று மன்றத்துச் செயலாளர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "கோப்பையோடு வா. உங்களுக்கு முன்வாசலைத் திறக்கிறேன்." வராவிட்டால் சாகிற வரைக்கும் லாயம்தான். அது ஞானாதிக்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் வெர்மூல் பிரபு எதிரே வந்து நின்றான். உள்ளூர்க்காரன், ஆறடி உயரம். ஆட்டம் தொடங்கிய கையோடு ஞானாதிக்கத்தின் வாள் அவன் மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. கையுறைத் தோல் அமுங்கியதை இவன் கை உணர்ந்தது. பிரபு சொல்லட்டும் என்று நின்றான்.

பிரபு சொல்லவில்லை. அடப்பாவி, கூசாமல் நின்றான்! நடுவர்கள் நாலு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கூட்டத்தில் எவனோ, "கறுப்பனுக்குக் கனவிலே பட்டது போல!" என்றான். சிரித்தார்கள். இவன் வாயைப் பிளந்து நின்ற நேரத்தில் பிரபுவின் வாள் இவன் தோளில் ஏறியது.

"பட்டது," என்றான் ஞானாதிக்கம்.

பழக்க தோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. தோற்றான்.

கூடாரத்துக்குள் வந்ததும் முகமூடியைத் தரையில் ஓங்கி அடித்தான்.

"பட்டுச்சு வாத்தியாரே! எங்க அம்மா மேல சத்தியமா பட்டுச்சு! அந்தக் களவாணிப்பய வாயே தொறக்கலை!"

"பார்த்தேன்."

"பார்த்தீங்களா? பார்த்துட்டு மரமாட்டம் நின்னீங்களா?"

"நான் நடுவர் இல்லையே அண்ணே."

"அவன் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறான். நான் மட்டும் யோக்கியனாட்டம் பட்டது பட்டதுன்னு கூவணுமா? பொய்க்காரன்கிட்ட எதுக்கு வாத்தியாரே உண்மை?"

வாத்தியார் தன் வாளை எடுத்தார்.

"எடுங்க உங்க வாளை."

"இப்பவா?"

"இப்பத்தான்."

கூடாரத்துக்குள் நாலு தப்படி இடம் இருந்தது. முதல் குத்து முழங்கைக்கு வந்தது. ஞானாதிக்கம் வீம்புக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டான். இரண்டாவதும் முழங்கைக்கே வந்தது. மூன்றாவதும் அங்கேதான். நாலாவது சுளீரென்று விழுந்தது.

"என்ன வாத்தியாரே, ஒரே இடத்துல போட்டுக் குத்துறீங்க!"

"எந்த இடத்துல?"

"முழங்கையிலதான்! வேற எங்க?"

"இப்பத்தான் சொல்றீங்க." அவன் முழங்கையைப் பிடித்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளிவிட்டார். ஐந்தாவது குத்து வந்தது. படவில்லை.

ஞானாதிக்கம் மூச்சு வாங்க நின்றான். "அப்ப அந்தப் பிரபு..."

"படலைன்னுட்டான். படாத இடத்தை எவனாவது மூடுவானா? அந்த மணிக்கட்டு சாயங்காலம் வரைக்கும் தொறந்துதான் கெடக்கும். போங்க."

மத்தியானம் ஞானாதிக்கம் வெறி வந்தவனாட்டம் ஆடினான். இத்தாலிக்காரன் விழுந்தான், ஒல்லாந்துக்காரன் விழுந்தான், இங்கிலீஷ்காரன் இரண்டு மூச்சுக்கூடத் தாங்கவில்லை. பிரபு ஒரு பிரெஞ்சுக்காரனிடம் தோற்றுப்போனான். கடைசியில் இருவரும் சமமாக நின்றார்கள். கோப்பைக்கு இன்னும் ஒரே ஆட்டம், இவனுக்கும் அவனுக்கும்.

சரளை பரப்பின தோட்டத்தில் இருவரும் வாளை நீட்டினார்கள். பிரபு மணிக்கட்டை மூடவில்லை. வாத்தியார் சொன்னது ஒரு அட்சரம் பிசகவில்லை. ஞானாதிக்கம் பாய்ந்தான்.

பாய்கிறபோதே முன்காலின் கட்டைவிரலில் நறுக்கென்று ஒன்று இறங்கியது. அதற்குப் பிறகுதான் இவன் வாள் பிரபுவின் மணிக்கட்டில் ஊன்றி வில்லாக வளைந்தது. அதை நாலு நடுவர்களும் பார்த்தார்கள், கூட்டமும் பார்த்தது. கால் பக்கம் ஒருத்தர் கண்ணும் போகவில்லை.

"முதலில் பட்டது என் வாள்!" என்று பிரபு பிரெஞ்சில் கத்தினான். "அவன் காலில் பட்டது!"

தலைமை நடுவர் ஞானாதிக்கத்தின் பக்கம் திரும்பினார்.

"உமக்குப் பட்டதா?"

விரல் விண்விண்ணென்று தெறித்தது. சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஞானாதிக்கம் பிரபுவை ஏறிட்டுப் பார்த்தான். காலையில் இந்த வாய் எங்கேடா போயிற்று? சிரித்தார்களே, அப்போது எங்கே போயிற்று? அனுபவி, நாயே!

"படவில்லை," என்றான்.

பிரபு தொண்டை கிழியக் கத்தினான். வாளைத் தூக்கி எறிந்தான். அந்தக் கூப்பாடு ஞானாதிக்கத்துக்குக் கல்கண்டாக இனித்தது. கோப்பையைக் கொடுத்தார்கள். காலையில் சிரித்த அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நொண்டாமல் நடக்கப் பெரும்பாடு பட்டுக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தான். வாத்தியார் வாள்களை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கோப்பையைப் பார்த்தார். இவன் காலைப் பார்த்தார்.

"எங்கே பட்டுச்சு அண்ணே?"

"எங்கேயும் படலை."

"கேக்கிறது உங்க வாத்தியார்."

"படலைன்னா படலை!" கோப்பையை ணங்கென்று மேஜைமேல் வைத்தான். "அவன் காலையில செஞ்சதைத்தான் நான் இப்ப செஞ்சேன். பிரபு செஞ்சா சாமர்த்தியம், நான் செஞ்சா தப்பா? அவனைப் போய்க் கேளுங்களேன்! ஆறு வருஷம் லாயத்துல கெடந்தோம். இனிமே ரெண்டு பேரும் நெஞ்சை நிமித்தி முன்வாசல்ல போவோம். ஏன், உங்களுக்கு வேணாமா அது?"

"வேணும்," என்றார் வாத்தியார். "உங்களைவிட எனக்கு வேணும்."

"அப்புறம் என்ன?"

வாத்தியார் ஒரு வாளைச் சுற்றி முடித்து அடுத்ததை எடுத்தார். ஞானாதிக்கம் கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்தான். பிறகு குரலை இறக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சரி, விடுங்க வாத்தியாரே. அடுத்த மாசம் பாரீஸ்ல போட்டி இருக்குது. அந்தப் பயலும் வருவான். பாயறப்ப பார்த்துக் கீழே குத்துறான். அதை எப்படித் தடுக்கறதுன்னு மட்டும் காட்டுங்க."

"கீழேன்னா எங்கே?"

ஞானாதிக்கம் வாயைத் திறந்தான். அப்படியே மூடிக்கொண்டான்.

வாத்தியார் எழுந்தார். சுற்றி வைத்த வாள்களிலிருந்து ஞானாதிக்கத்தின் வாளை மட்டும் உருவி அவன் மடியில் வைத்தார்.

"முசே," என்றார்.

புதுச்சேரியில் வெள்ளைக்கார துரைகளைக் கூப்பிடுகிற சொல் அது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் இவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"பட்ட இடத்தைக் காப்பாத்தற வித்தை ஒண்ணுதான் எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் எங்கேயும் படலையே. உங்களுக்கு வாத்தியார் எதுக்கு, முசே?"