இப்படிக்கு, பொதுமக்கள்

முதலில் நடந்தது கீழ்ப்பாறை அணை. நாற்பது கோடியில் முடிப்போம் என்றார்கள். நூற்றெழுபது கோடியில் முடித்தார்கள். மிச்சத்தை நம் மின் கட்டணத்தில் ஏற்றினார்கள்.

இரண்டாவது, அதே அணையின் சுரங்க வாய்க்கால் இடிந்தது. தோண்டிய ஒப்பந்தக்காரர் அதற்குள் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தார். மறுபடி தோண்ட மறுபடி கடன்.

மூன்றாவது, அந்தக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. அணையைக் கட்டிய மின் திட்டக் கழகத்தால் தவணை கட்ட முடியாத வருஷம் அரசு கட்டியது. அந்த வருஷம்தான் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பிரசவ வார்டு வராமல் போனது.

நான்காவது, வார்டு எங்கே என்று கேட்டு ஊர்வலம் போன பதினேழு பெண்கள் மேல் வழக்குப் போட்டார்கள். ஆறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். விடுதலை ஆனார்கள். வார்டு எங்கே என்று கோர்ட்டும் கேட்கவில்லை.

வெள்ளைப்பாறை பீடித் தொழிலாளர் சங்கத்தில் எந்தக் கூட்டமும் இந்த நான்கையும் சொல்லித்தான் தொடங்கும். வரிசை மாறக் கூடாது. மாற்றிச் சொன்னால், பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் தலை நிமிராமலே, "ஏய், வார்டுக்கு முந்தி வாய்க்கால்" என்று திருத்துவார்கள்.

அந்தப் பதினேழு பேர் வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் பேச்சித்தாய். பள்ளிக்கூடம் போனதில்லை. சங்க நோட்டீஸ்களைப் பிறர் படிக்கக் கேட்டு, பிறகு தானே எழுத்துக் கூட்டிப் படித்து, படிக்கக் கற்றவர். ஐம்பத்திரண்டு வயது. அவரைத்தான் நாங்கள் ஆசான் என்போம்.

சீடர் அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வட்டி, கடன் பத்திரம், உத்தரவாதம் எல்லாம் பேச்சித்தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றுதான் சங்கத்துக்கு வந்தார். மூன்று மாதத்தில், யார் யாரிடம் படிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"சீடர் வந்தாச்சு, நாற்காலி போடுங்கட்டி" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தரையில் உட்காருவார்.

ஐந்தாவதாக வந்தது அதே கழகத்தின் வெள்ளைப்பாறை நீர்மின் திட்டம்.

இரண்டாயிரத்து நானூறு கோடி. அதில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடி கடன். கடனுக்கு அரசு உத்தரவாதம். எங்கள் சிக்கனச் சங்கத்தில் நாலாயிரம் பெண்கள் பத்தும் இருபதுமாகச் சேர்த்த பதினோரு கோடியையும் திட்டப் பத்திரத்தில் போடச் சொன்னார்கள். நட்டம் வந்தால் அரசு பொறுப்பு என்றார்கள்.

சீடர் ஒரு மாதம் உட்கார்ந்து திட்ட அறிக்கையைப் படித்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆற்றில் வருஷத்துக்கு இருநூற்றுப் பத்து நாள் தண்ணீர் ஓடும் என்று அறிக்கை சொன்னது. கீழ்ப்பாறை அணையில் தினமும் தண்ணீர் அளந்து எழுதும் பதிவேட்டில் முப்பது வருஷச் சராசரி நூற்றுப் பதினெட்டு நாள். தண்ணீர் பாதி நாள் ஓடினால் மின்சாரம் பாதி. வட்டி மட்டும் முழுசு.

அதை வைத்து ஒரு நோட்டீஸ் எழுதினார். பதினான்கு பாயிண்ட். முன்னும் பின்னும் அச்சு.

கொடுக்கும்போது சொன்னார்: "தோழர், என் பேரு வெளிய தெரிய வேண்டாம். பொண்ணு அந்தக் கழகத்துலதான் ஒப்பந்த வேலையில இருக்கா. ஏழு வருஷம் ஆச்சு. நிரந்தரம் பண்ணப்போற நாப்பது பேரு லிஸ்ட் அடுத்த மாசம் வருது."

"நம்ம நோட்டீஸ்ல எந்தக் காலத்துல பேரு போட்டோம், அண்ணாச்சி?" என்றார் பேச்சித்தாய்.

உண்மைதான். வழக்குக்குப் பிறகு எங்கள் நோட்டீஸ்களில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். இப்படிக்கு, வெள்ளைப்பாறைப் பொதுமக்கள். ஒருத்தியை மட்டும் பிடித்துக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக வைத்த வரி. இருபது வருஷமாக அதைப் பெருமையாக அச்சடித்தோம்.

பேச்சித்தாய் நோட்டீஸை விரல் வைத்துப் படித்தார். ஒவ்வொரு பாயிண்டாக மூன்று நாள் கேள்வி கேட்டார். நான்காம் நாள் சீடர் ஒரு கேள்வி கேட்டார்.

"நோட்டீஸ் வாங்கினவங்க எல்லாம் புரியுதுங்காங்க தோழர். ஆனா கடைசியில, அதான் அரசு பொறுப்புன்னு சொல்லிட்டாங்கள்லான்னு எந்திரிச்சுப் போறாங்க. அந்த அரசுங்கிறது யாரு?"

"எனக்கும் தெரியாது. நாளைக்கு வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்."

மறுநாள் காலையில் பஸ் ஏறினார்கள்.

திட்ட அலுவலகத்தில் ஒரு எழுத்தர் இருந்தார். "நட்டம் வந்தா பொறுப்பு யாருன்னு பாக்க வந்தோம்" என்றார் பேச்சித்தாய். "நான் தபால் அனுப்புறவன்மா, உள்ள கேளுங்க" என்றார் எழுத்தர்.

உள்ளே பொறியாளர். "நாங்க கட்டுறவங்க. உத்தரவாதம்லாம் நிதித் துறை."

நிதித் துறை அதிகாரி அன்பாகத் தண்ணீர் கொடுத்தார். "நாங்க ஃபைல் தயார் பண்றவங்க. முடிவு மேல எடுத்தது."

மேலே என்றால் அமைச்சர். அமைச்சரின் உதவியாளர், "கழகம் கேட்டாங்க, ஐயா கொடுத்தாங்க. கழகத்துல கேளுங்க" என்றார்.

கழகத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனார்கள். "மாவட்டத் திட்டம்னா அந்தந்தத் திட்ட அலுவலகத்துல எழுதிக் கொடுக்கணும்" என்றார் அங்கிருந்தவர். "அங்க முன்னால ஒரு எழுத்தர் இருப்பாரு."

திரும்பும் பஸ்ஸில் பேச்சித்தாய் கேட்டார்.

"எத்தன பேரைப் பாத்தோம்?"

"அஞ்சு பேரு."

"அரசைப் பாத்தீயளா?"

"இல்ல."

பேச்சித்தாய் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் தூங்கிவிட்டார்.

பத்தாம் நாள் கருத்துக் கேட்புக் கூட்டம். கல்யாண மண்டபத்தில் பகல் பதினொரு மணிக்கு. எண்ணூறு பேர் இருந்தோம். மேடையில் துணை ஆட்சியர் ஒருவர், திட்டப் பொறியாளர், பதிவு எழுத ஒரு ஊழியர்.

துணை ஆட்சியர் விதியைச் சொன்னார். ஆட்சேபம் ஒவ்வொன்றும் ஆட்சேபிப்பவர் பெயரோடு பதிவாகும்; கேள்வி கேட்டால் அவரே விளக்க வேண்டும். கூட்ட முடிவில் அந்தப் பதிவைச் சபையில் உரக்கப் படிப்பார்கள். கேட்டவர்கள் சாட்சி. கடன் கொடுக்கும் வங்கி அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடும். பதிவில் ஒரே ஒரு ஆட்சேபம் இருந்தாலும், அதற்குக் கழகம் பதில் எழுதும்வரை பத்திரம் விற்க முடியாது. எங்கள் பதினோரு கோடியும் அதுவரை எங்களிடம்தான்.

ஆட்சேபம் பதிவாகாவிட்டால் அந்தத் தடையும் இல்லை.

பொறியாளர் படம் போட்டுக் காட்டினார். திரையில் ஆறு நீலமாக ஓடியது.

"இருநூத்துப் பத்து நாள் ஓடுமா சார்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மழை பெய்யும்மா."

"உங்க படத்துல மட்டுந்தான் பெய்யுது."

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் பேச்சித்தாய் எழுந்தார்.

"நட்டம் வந்தா யாரு பொறுப்பு?"

"அரசு" என்றார் பொறியாளர்.

"பேரு சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

"அரசுக்கு எப்படிம்மா பேரு இருக்கும்?"

"எங்க சிக்கனச் சங்கத்துல ஐயாயிரம் ரூவா கடனுக்கு ஜாமீன் போட வாரவகிட்ட அப்பன் பேரு, புருசன் பேரு, கதவு நம்பரு எல்லாம் கேக்கோம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடிக்கு ஜாமீன் போட்டவருக்கு ஒரு பேரு கிடையாதா?"

மண்டபம் அதிர்ந்தது. நானும் விசில் அடித்தேன்.

துணை ஆட்சியர் முட்டாள் இல்லை. கை தட்டல் நிற்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு எங்கள் நோட்டீஸை எடுத்துத் திருப்பிக் கடைசி வரியைப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கு. எழுதினது யாரு?"

"நாங்கதான்" என்று எண்ணூறு குரல்.

"நாங்கன்னா யாரு?"

"பொதுமக்கள்."

"பேரில்லாத மனு மொட்டைக் கடுதாசி. பதிவுல ஏத்த விதி கிடையாது. அரசுக்குப் பேரு கேட்டீங்க, நியாயம். பொதுமக்களுக்கு ஒரு பேரு சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் சங்கத்துப் பூரணம் துள்ளி எழுந்தாள். "என் பேரைப் போடும்வே. பூரணம்."

"சரிம்மா. இந்த நூத்துப் பதினெட்டு நாள்ங்கிற எண்ணு எங்கிருந்து வந்துச்சு?"

"அது... அந்த நோட்டீஸ்ல இருக்குல்லா."

ஊழியர் பேனாவைக் கீழே வைத்தார். பூரணம் முகம் கறுத்து உட்கார்ந்தாள்.

சீடர் பேச்சித்தாயின் பக்கமாகக் குனிந்தார். "உங்க பேரைச் சொல்லிடுங்க தோழர். அந்தப் பதினாலும் உங்களுக்கு அத்துப்படி."

"கேட்டாச் சொல்லிருவேன்."

"பிறகென்ன?"

"எழுதினது நான் இல்லையே, அண்ணாச்சி."

"யாரு எழுதினா என்ன தோழர்?"

"அதத்தான் மேடையில இருக்கவுகளும் சொல்லுதாவ. யாரு ஜாமீன் போட்டா என்னன்னு."

சீடர் கையிலிருந்த நோட்டீஸை மடித்தார். "என் பொண்ணு" என்று ஆரம்பித்தார்.

"தெரியும். வேண்டாம்னா வேண்டாம். இன்னைக்கும் நான் உங்கள ஒண்ணும் கேக்கல. அன்னைக்கு ஊர்வலத்துல என்கூட வந்த பதினாறு பேருலயும் ஒருத்தியக்கூட நான் வான்னு கூப்பிடல. திரும்பிப் பாத்தேன், வந்துக்கிட்டு இருந்தாளுவ."

துணை ஆட்சியர் கடிகாரத்தைப் பார்த்தார். "வேற ஆட்சேபம் இல்லன்னா பதிவை முடிக்கலாம்."

சீடர் எழுந்து வாசல் பக்கம் போனார். அங்கே நின்று போனில் மகளைக் கூப்பிட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். வாசலில் நின்ற நாங்கள் பத்துப் பேரும் கேட்டோம்.

விஷயத்தைச் சொன்னார்.  மறுபக்கம் அலுவலக அச்சு இயந்திரம் ஓடும் ஓசை மட்டும் கேட்டது.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்ப்பா. கணக்குல தப்பு ஒண்ணும் இல்லைல்ல?"

"மூணு தடவ பாத்தேன்."

"தண்ணி அளந்த பதிவேட்டை நீங்களே பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?"

"நானே பாத்தேன். பக்க நம்பர் வரைக்கும் இருக்கு."

"லிஸ்ட்ல இருந்து எடுத்துருவாங்கப்பா."

"தெரியும்."

மறுபடி அச்சு இயந்திரத்தின் ஓசை.

"அப்போ போடுங்க" என்றாள் அவள். "எனக்கு வேலை இருக்கு, வைக்கிறேன்."

அவர் போனைச் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு முறை வைத்தார். முதல் முறை அது பைக்குள் போகவில்லை.

உள்ளே வந்து பேச்சித்தாயின் எதிரில் நின்றார். அறுபத்தொரு வயது மனிதர், வகுப்பில் நிற்பவர்போல நின்றார்.

"ஒரே ஒரு பேரு தோழர். அங்க இருக்கிறது அரசு. இது போதுமா?"

"அவங்க பக்கம் ஒண்ணுகூட இல்லையே, அண்ணாச்சி."

அவர் மேடைக்கு நடந்தார். யாரும் கை தட்டவில்லை. வழி மட்டும் விட்டோம்.

நாற்பது நிமிஷம் நின்றார். பதினான்கு பாயிண்டுக்கும் அவர்கள் கேட்டார்கள், அவர் சொன்னார். ஆறாவது பாயிண்டில் பொறியாளர் ஒரு காகிதத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. ஒன்பதாவதில் துணை ஆட்சியரே பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார்.

பிறகு கேட்க ஒன்றுமில்லை.

துணை ஆட்சியர் பதிவைக் கையில் எடுத்து எழுந்தார். விதிப்படி சபையும் எழ வேண்டும். எண்ணூறு பேரும் எழுந்தோம்.

"வெள்ளைப்பாறை நீர்மின் திட்டம். நட்டம் ஏற்பட்டால் பொறுப்பு யார் என்ற கேள்விக்குக் கழகம் அளித்த பதில்: அரசு. பெயர்: குறிப்பிடப்படவில்லை."

பக்கத்தைப் புரட்டினார்.

"ஆட்சேபங்கள்: பதினான்கு. எழுதியவரும் ஆட்சேபிப்பவரும் ஒருவரே. வெள்ளைப்பாறை, மேலத்தெரு, கதவு எண் இருபத்தேழு. தகப்பனார் பெயர் சங்கரமூர்த்தி. வயது அறுபத்தொன்று. பெயர்..."

அவர் தலை நிமிர்ந்து, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தார்.

"ச. ஆவுடையப்பன்."