கொடுக்காப்புளியூருக்குக் கணக்கர் உரிமம் வந்த கதை

கொடுக்காப்புளியூர் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், அந்த ஊர்க்காரர்கள் முதலில் குனிந்து தங்கள் காலைப் பார்ப்பார்கள். நிற்பது ஊருக்குள்தான் என்று உறுதியான பிறகே, "இங்கதான்" என்பார்கள். அவ்வளவு பொறுப்பான சனங்கள்.

அந்த ஊரில் செவ்வாய்க்கிழமை தோறும் சந்தை கூடும். சந்தைக்குத் தலைவி புளிக்கடை சீனியம்மா. ஒரு செவ்வாய்க்கிழமை அரசாங்க ஆள் ஒருவர் வந்து, புளி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "உரிமம் பெற்ற பொதுக் கணக்கர் ஒருவர் சந்தைக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருஷம் தவணை. தவறினால் சந்தை மேலப்புதூருக்கு மாற்றப்படும்."

வெளியூர்க் கணக்கர்களைக் கூப்பிடலாம்தான். ஆனால் ஒருவரும் வரமாட்டார்கள். போன தடவை வந்தவர், "இருக்கிற சரக்கை ஒன்றுவிடாமல் எடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்டுவிட்டார். ஊரே வரிசையில் நின்று புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டியது. இரண்டாவது மூட்டையைப் பிரிக்கும்போது அவரைக் காணவில்லை.

ஆகவே உள்ளூரிலேயே ஆளைத் தயார்செய்வது என்று முடிவாயிற்று. கணக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர் கை தூக்கினார்கள். கொம்பையாவுக்குக் கூட்டத் தெரியும். இசக்கிக்குக் கழிக்கத் தெரியும். தளவாய்க்கு, கூட்டும்போது ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளத் தெரியும். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் தெரியாது.

கொம்பையாவின் மனைவி வடிவு சந்தையில் கருவாடு விற்பவள். அவள் வாசலில் நின்று ஒன்றே ஒன்றைச் சொன்னாள்.

"சந்தை மேலப்புதூருக்குப் போச்சுன்னா நானும் கூடையைத் தூக்கிக்கிட்டு அங்கேயே போயிருவேன். நீங்க இங்க கெடந்து வெறுஞ்சோத்தை மோந்து பாத்துக்கிட்டு இருங்க."

கொம்பையாவுக்கு வடிவு என்றால் உயிர். கருவாடு என்றாலும் அப்படித்தான்.

மூவரும் பட்டணத்துக்குப் போய்க் கணக்கர் வாரியத்து எழுத்தர் முன்னால் நின்றார்கள். எழுத்தர் நிமிராமல் பேசும் வகை.

"வயது பதினெட்டு முடிஞ்சிருக்கணும். பொறந்ததுக்கு ஆதாரம் வேணும்."

மூவரும் ஒதுங்கி ஆலோசித்தார்கள்.

"பொறந்ததுக்கு ஆதாரமா? நாம இங்க நிக்கமே, அது போதாதா?" என்றான் இசக்கி.

"நிக்கிறதுக்குத்தான்வே அது ஆதாரம். பொறந்ததுக்கு வேற வேணும்," என்றான் தளவாய்.

மறுநாள் தளவாயின் அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்தார்கள். எழுத்தர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"இவன் பொறந்தது உண்மைதான் ஐயா," என்றாள் அந்த அம்மா. "நான் அப்ப அங்கதான் இருந்தேன்."

மற்ற இரண்டு அம்மாக்களும் வருவதற்குள் எழுத்தர் பெருமூச்சு விட்டு மூவருக்கும் சேர்த்து முத்திரையைக் குத்தினார். பிறகு விதிகளை ஒரே மூச்சில் ஒப்பித்தார். "நூத்தம்பது மணி நேரம் கணக்கியல் படிக்கணும். உரிமம் உள்ள கணக்கர் ஒருத்தர் கண்காணிப்புல ஆறு மாசம் வேலை பாக்கணும். தேர்வு எழுதணும். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. யார் கணக்கைப் பாக்கறீங்களோ அவங்களுக்கும் உங்களுக்கும் உறவோ, கொடுக்கல் வாங்கலோ இருக்கவே கூடாது. அந்நியரா இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார்கள் மூவரும். கொடுக்காப்புளியூரில் ஆபத்தான சொல் அது ஒன்றுதான்.

நூலகத்தில் தடியான கணக்கியல் புத்தகம் ஒன்று கிடைத்தது. தளவாய் முதல் தாளைத் திருப்பப் போனான். கொம்பையா அவன் கையைப் பிடித்தான்.

"எங்க போற?"

"ரெண்டாம் பக்கத்துக்கு."

"எழுத்தர் எத்தனை மணி நேரம்னுதான் சொன்னாரு. எத்தனை பக்கம்னு சொன்னாரா? இருக்கிற பக்கத்தை ஒழுங்காப் படி."

நியாயமாகத்தான் பட்டது. மூவரும் முதல் பக்கத்தையே நூற்றைம்பது மணி நேரமும் ராகம் போட்டுப் படித்தார்கள். அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: பதிப்பாளரின் அனுமதி இல்லாமல் இந்நூலின் எந்தப் பகுதியையும் எங்கும் எடுத்து எழுதக் கூடாது. படித்து முடித்தபோது அது மூவருக்கும் ரத்தத்தில் ஊறியிருந்தது.

அடுத்தது கண்காணிப்பு. பட்டணத்தில் ஆவுடைநாயகம் என்ற கணக்கர் இருந்தார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். அதற்கான பலனை அந்த ஆறு மாதத்தில் அனுபவித்தார்.

முதல் நாள் அவர் முன்னால் மூவரும் உட்கார்ந்து கூட்டத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் இசக்கி, "நிறுத்து" என்றான். மூன்று பேனாவும் மேலே எழுந்தன. பிறகு, "எழுது" என்றான். மூன்று பேனாவும் இறங்கின. உடனே மறுபடி, "நிறுத்து."

"என்னப்பா செய்றீங்க?" என்று கேட்டார் ஆவுடைநாயகம்.

"நீங்க கண்ணைச் சிமிட்டினீங்க ஐயா," என்றான் இசக்கி. "அந்த நேரம் நாங்க வேலை பாத்தா அது கண்காணிப்பு இல்லாத வேலை. அரசாங்கத்தை ஏமாத்தின மாதிரி ஆயிரும்."

"சிமிட்டாம எப்படிப்பா இருக்க முடியும்?"

"நாங்க குத்தம் சொல்லலையே ஐயா. நீங்க பாட்டுக்குச் சிமிட்டுங்க. நாங்க காத்திருக்கோம்."

அவர் தும்மினால் மூவரும் மரியாதையாகப் பேனாவை மூடி வைத்தார்கள். மத்தியானம் அவர் சாய்ந்து கண்ணயர்ந்தால், கூட்டல் பாதியில் நிற்க, மூவரும் கன்னத்தில் கை வைத்து அவர் இமையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விழித்ததும் எதிரே மூன்று முகங்கள். பாவம், மனிதர் இரண்டு மாதத்தில் தூக்கத்தையே விட்டுவிட்டார். கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே தளவாயின் குரல் கேட்கும்: "அவசரமே இல்லை ஐயா. ஏழாயிரத்து முன்னூத்துல நிக்கோம்."

ஆறு மாதம் முடிந்ததும் ஆவுடைநாயகம் சிவந்த கண்களோடு சான்றிதழ் எழுதினார்: 'இவர்கள் ஒரு கணமும் என் பார்வையை விட்டு விலகியதில்லை.' அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கையெழுத்துப் போட்ட கையோடு குற்றாலத்துக்குப் போய்விட்டார்.

தேர்வு நாள் வந்தது. வாசல்வரை வந்த வடிவு, பொட்டலமாகக் கட்டிய புளிச்சோற்றைக் கொம்பையா கையில் கொடுத்து, "நம்ம பொழைப்பே இதுலதான் இருக்கு. பாத்துக்கிடுங்க," என்றாள். அவன் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பொழைப்பு அதற்குள்தான் இருக்கிறது என்று நினைத்து, பசித்தும் அதைப் பிரிக்கவே இல்லை.

இசக்கியும் தளவாயும் கேள்வித்தாளைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். படித்த புத்தகம் என்ன சொன்னது? எங்கும் எழுதக் கூடாது என்றது. பதிப்பாளரிடம் அனுமதியும் வாங்கவில்லை. இருவரும் மூன்று மணி நேரம் கைகட்டி உட்கார்ந்திருந்துவிட்டு வெள்ளைத் தாளை வணங்கிக் கொடுத்தார்கள்.

கொம்பையாவும் எழுதுவதாக இல்லை. ஆனால் முதல் கேள்வியே அவனைத் தூக்கிவாரிப் போட்டது. 'செல்லப்பா என்ற தேங்காய் வியாபாரியின் சரக்கில் ஒரு பகுதி அழுகிவிட்டது. அவருடைய நஷ்டத்தைக் கணக்கிடுக.'

கொம்பையாவின் மாமனார் பெயர் செல்லப்பா. அவரும் தேங்காய் வியாபாரி.

அவனுக்கு வியர்த்துவிட்டது. இது புத்தகத்தில் உள்ளது இல்லை, சொந்தச் சமாசாரம் என்பதால் எழுதலாம் என்று துணிந்து, தாளில் எழுதினான்: 'இவர் என் மாமனார். உறவுக்காரர் கணக்கை நான் பார்ப்பது விதிப்படி தவறு. மன்னிக்கவும். நஷ்டத்தை அவரிடம் நேரிலேயே விசாரித்துக்கொள்கிறேன்.' எழுதிவிட்டு எழுந்து போய்விட்டான். நேராக மாமனாரிடம் போய், "தேங்காய் அழுகுனதை எங்கிட்டச் சொல்லாம வாரியத்துல போய்ச் சொல்லியிருக்கீங்களே மாமா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தாள் திருத்திய பெரியவர்கள் கூடிப் பேசினார்கள்.

"எத்தனையோ பேர் நேர்மையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறார்கள்," என்றார் ஒருவர் தொண்டையைச் செருமி. "நேர்மைக்காகத் தேர்வையே விட்டு எழுந்துபோனவர் இவர் ஒருவர்தான்."

இன்னொருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொம்பையாவுக்கு உரிமம் கொடுத்துவிட்டார்கள்.

கொடுக்காப்புளியூரில் மேளம் கொட்டினார்கள். சீனியம்மா சந்தைக் கணக்கைக் கொண்டுவந்து கொம்பையா முன்னால் வைத்தாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"முடியாது அத்தை."

"ஏம்ல?"

"இதோ, அத்தைன்னுட்டேன் பாருங்க. உறவு. உங்ககிட்டப் புளி வாங்கியிருக்கேன். கொடுக்கல் வாங்கல். கருவாட்டுக்கடை எம்பொண்டாட்டி. மத்தவன் எல்லாம் மாமன் மச்சான். நான் அந்நியனா இருக்கணும்னு விதி."

ஊர் திகைத்தது. வடிவு போய்க் கூடையைத் துடைத்து வைத்தாள். கொம்பையாவின் முகம் வாடிவிட்டது.

கடைசியில் இசக்கி எழுந்தான். "அந்நியன்னா யாரு? நமக்குத் தெரியாதவன். அப்ப நாம இவனைத் தெரியாம இருந்தாப் போதுமே."

"எல்லாருமா?" என்று கேட்டாள் சீனியம்மா.

"எல்லாருமேதான். ஆனா ஒழுங்காத் தெரியாம இருக்கணும்."

அப்படியே ஏற்பாடாயிற்று. கொம்பையாவுக்கு மாலை போட்டு, அழுது, காலை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். அதே பஸ் மத்தியானம் திரும்பி வந்தபோது அதிலிருந்து ஓர் அந்நியர் இறங்கினார். ஊர் அவரை முறைத்துப் பார்த்தது. நாய் மட்டும் வாலாட்டியது. அதற்கு விதி தெரியாது.

அந்நியர் நேரே வடிவின் வீட்டுக்குப் போய், "கணக்கர் ஒருத்தர் தங்க இடம் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"ஆம்பளை இல்லாத வீடு. சத்திரத்துல போய்க் கேளுங்க," என்று கதவைச் சாத்தினாள் வடிவு.

சத்திரத்திலேயே தங்கிக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார் அந்நியர். அரசாங்க ஆள் வந்து, "இந்த ஊரில் உமக்கு யாரையாவது தெரியுமா?" என்று விசாரித்தார்.

"யாரையும் தெரியாதுங்க. அந்தக் கருவாட்டுக்கடை அம்மா முறைக்கிற முறை மட்டும் எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு."

அரசாங்க ஆளுக்குப் பரம திருப்தி. சந்தை கொடுக்காப்புளியூரிலேயே நிலைத்தது.

ஆனால் கணக்கர் ஊரை விட்டுப் போகவில்லை. சத்திரத்துத் தூணில் சாய்ந்து, கருவாட்டுக் குழம்பு வாசனை வரும் திசையைப் பார்த்தபடியே இருந்தார். நாளாக நாளாக இளைத்துப்போனார். ஊருக்கு மனசு கேட்கவில்லை.

"நல்ல மனுசன். நாதி இல்லாமக் கெடக்காரே," என்றான் தளவாய்.

"ஒரு கல்யாணம் பண்ணி வச்சா என்ன?" என்றாள் சீனியம்மா. "நம்ம வடிவும் தனியாத்தான இருக்கா. அவ புருசன் காலை பஸ்ல போனவன், திரும்பவே இல்லை."

பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. செல்லப்பா மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். "முன்னால ஒரு மருமகன் இருந்தான். கூறுகெட்டவன். என் தேங்காய் அழுகிட்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். நீங்க படிச்சவரு, அப்படிப் பேசமாட்டீங்க."

வடிவு காப்பியை வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். "கருவாடு திம்பீங்களா?"

"பழகிக்கிடுதேன்," என்றார் மாப்பிள்ளை, கண் கலங்க.

கல்யாணம் சந்தைத் திடலிலேயே நடந்தது. தாலி ஏறியதும், விருந்துக்கு வந்திருந்த அரசாங்க ஆள் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "சந்தோஷம். ஆனால் இவர் இப்போது இந்த ஊர் மாப்பிள்ளை ஆகிவிட்டாரே. அடுத்த வருஷக் கணக்கில் யார் கையெழுத்துப் போடுவார்?"

எல்லாக் கண்களும் மெதுவாக, மறுபடி தேர்வுக்குப் பணம் கட்டியிருந்த இசக்கி பக்கம் திரும்பின. இசக்கி அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் மனைவியைப் பார்த்தான்.

அவளோ அதற்குள் ஐயரிடம் அடுத்த பங்குனியில் நல்ல முகூர்த்தம் விசாரித்துக்கொண்டிருந்தாள். "வர்றவரு யாரா இருந்தாலும் சரி சாமி," என்றாள். "இந்த மனுசன் மாதிரி குறட்டை விடாம இருந்தாப் போதும்."