மேட்டு வளையில் புகுந்த தண்ணீர்

காட்டோரத்தில் ஒரு மண்மேடு. அதற்கடியில் ஒரே ஒரு பெரிய வளை. அது யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் தோண்டலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். கிழக்குப் பக்கம் எலிகள் இருந்தன, மேற்குப் பக்கம் முயல்கள். சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சிட்டாள் என்ற எலி, கண் திறக்காத ஐந்து குட்டிகளோடு படுத்திருந்தாள். காலடியில் ஈரம்!

"ஐயோ, தண்ணி வருதே!" என்று பதறி, ஓட்டையைத் தேடிக் களிமண்ணால் அடைத்தாள். ஈரம் நின்றது.

மேற்கே செவியன் என்ற முயல் துள்ளி எழுந்தான். "இதென்ன கூத்து! நேத்துவரைக்கும் காய்ஞ்சு கிடந்த அறையில முழங்கால் தண்ணி!" உடனே ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டான். எங்கே? வேறெங்கே, கிழக்கேதான்!

மறுநாள் சிட்டாள் விழித்தாள். அடைத்தது அடைத்தபடியே இருக்கிறது, அறை மட்டும் நனைந்திருக்கிறது. "அடைச்சேனா, கனவு கண்டேனா?" என்று தலையைச் சொறிந்தாள். புது வழியையும் அடைத்தாள்.

செவியன் அறை மறுபடி நிறைந்தது. "வாய்க்கால் இருக்கு, தண்ணி போகமாட்டேங்குதே! பைத்தியம் மழைக்கா, எனக்கா?" இன்னொன்று வெட்டினான். அதுவும் கிழக்கே!

மூன்று நாள் இவள் அடைக்க, அவன் வெட்ட, சொல்லும் எனக்கே தலை சுற்றுகிறது. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், அதுதான் வினை!

நாலாம் நாள் ஊறிப்போன நடுக்கூரை சரிந்தது. தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து குட்டிகளை அடித்துக்கொண்டு போனது. சிட்டாள் ஒன்றைக் கவ்விக் கரையேற்றினாள். "யாராவது வாங்களேன்!" என்று அலறினாள்.

சரிந்த மண்ணுக்குள்ளிருந்து நீளக் காது இரண்டு எட்டிப்பார்த்தன.

"இங்க என்னம்மா பண்றே?"

"என் குட்டிங்க தண்ணியில போகுது அண்ணே! மூணு நாளா அடைக்கிறேன், நிக்கமாட்டேங்குதே!"

"அடைச்சது நீயா? வாய்க்கால் வெட்டினது நானாச்சே!"

இருவரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு செவியன் தண்ணீரில் குதித்தான். மூன்று குட்டிகளைத் தூக்கி வந்தான். ஒன்று கிடைக்கவே இல்லை.

இருவரும் சேர்ந்து தெற்குச் சரிவில் வடிகால் வெட்டினார்கள். அரை நாழிகையில் தண்ணீர் முழுவதும் வெளியேறியது.

சிட்டாள் நாலு குட்டிகளையும் நக்கித் துடைத்தாள். மறுபடி மறுபடி எண்ணினாள். பிறகு கேட்டாள்: "அண்ணே, என் குட்டியைக் கொன்னது நீயா, நானா?"

 

ஒரே வளையை நம்பி வாழ்பவர்கள் தாம் செய்யும் மாற்றத்தை ஒருவருக்கொருவர் சொல்லாவிட்டால், திருத்தமும் நாசத்தில்தான் முடியும்.