தன் கொக்கைக் குத்திய காட்டெருது

சேற்றுக் குட்டையில் நீர் குடித்த காட்டெருது ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நான்கு நாளில் அது நின்றது. அதன் பிறகு பின்னங்கால்கள் மரத்துப்போயின. மரப்பு தொடைக்கு ஏறி, இடுப்புக்கு ஏறி, எருதைப் படுக்கவைத்தது.

மந்தை ஒரு பகல் நின்று பார்த்தது. மறுநாள் மேய்ச்சல் தேடி மலையேறிவிட்டது. மூன்று முறை புலியை விரட்டி அந்த மந்தையைக் காத்தது இதே எருதுதான். யாருக்கு நினைவிருக்கிறது?

ஓர் உண்ணிக்கொக்கு மட்டும் அதன் முதுகை விட்டுப் போகவில்லை.

"அண்ணே, நீ செத்திருப்பாய் என்று நினைத்துவிட்டார்கள். நான் பறந்துபோய்ச் சொல்கிறேன். கட்டாயம் திரும்பி வருவார்கள்!" என்றது.

எருதின் காதுக்குள் ஓர் உண்ணி குடியிருந்தது. கொக்கின் அலகை நினைத்தாலே அதற்கு நடுக்கம்.

"அன்று குட்டைக்கரையில் உன்னோடு நின்றது யார்? யோசித்துப் பார்!" என்று அது கிசுகிசுத்தது.

எருது யோசித்தது. கொக்குதான் நின்றது.

"துரோகி! நஞ்சு வைத்தது நீதானே!"

"நானா? அதே தண்ணீரைத்தானே நானும் குடித்தேன்!"

"பேசாதே!"

எருது தலையைத் திருப்பிக் கொம்பை வீசியது. கொக்கின் இறக்கை கிழிந்தது. அது நடந்தே புதருக்குள் போனது.

உண்ணி விழுந்து விழுந்து சிரித்தது.

"அட மடையா! உன் ரத்தத்தைக் குடிப்பவன் நான். உள்ளே நடப்பது எனக்குத்தான் தெரியும். குட்டையிலிருந்து வந்த கிருமியை உன் உடம்பின் காவல்படை நான்கு நாளிலேயே கொன்றுவிட்டது. அந்தக் கிருமியின் போர்வையும் உன் நரம்புகளின் போர்வையும் ஒரே சாயல். இப்போது அந்தக் காவலர்கள் உன் நரம்புகளையே எதிரி என்று உரிக்கிறார்கள். மூளை சொல்லும் சேதி காலுக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

"என் காவலர்களா? நிறுத்தச் சொல்!"

"நீ நிறுத்தினாயா?"

எருது கொக்கு போன புதரைத் திரும்பிப் பார்த்தது.

உள்ளே அந்தப் படை ஓய வெகுநாள் ஆனது. எட்டிய புல்லைத் தின்று, தேங்கிய மழைநீரை நக்கி எருது கிடந்தது. ஒரு காலையில் பின்னங்கால் அசைந்தது. இன்னும் ஒரு மாதம் போய் எழுந்து நின்றது.

புதரில் தேடியது. நாலைந்து வெள்ளை இறகுகள் கிடந்தன. மலைப்பாதைக்குப் போனது. மந்தையின் குளம்படிகளை மழை கரைத்திருந்தது.

எருது ஒருமுறை குரல் கொடுத்தது. காது நிறைய மொய்த்திருந்த உண்ணிகள் மட்டும் அதைக் கேட்டன.

எதிரி செத்த பிறகும் ஓயாத காவல், சாயலைக் கண்டு சொந்தத்தையே அடித்து வீழ்த்தும்.