வெள்ளிப் பட்டையும் ஒரு கடுகும்

பன்னிரண்டாம் வகுப்பில் தவமணி டீச்சரிடம் உயிரியல் படித்தவர்தான் சிஸ்டர் பிரிஸ்கா. இப்போது கல்லூரி ஆய்வகத்தில் சிஸ்டர் குரு. ஐம்பதைத் தொடப்போகும் டீச்சர் சிஷ்யை.

தயிரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் வெள்ளியின் நானோ துகள்களையும் சேர்த்து, புண்ணுக்குக் கட்டும் மெல்லிய பட்டை செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளி கெட்ட கிருமியைக் கொல்ல வேண்டும். பாக்டீரியா உயிரோடிருந்து, மறுபடி கிருமி அண்டாமல் புண்ணைக் காக்க வேண்டும். முதல் பட்டை விடுதிச் சமையல்காரி சவேரியாயிக்கு. எண்ணெய் கொட்டி அவள் இடது கை வெந்திருந்தது. "கட்டிப் பாருங்க சிஸ்டர்" என்று அவளே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

வெள்ளியைக் கூட்டக் கூட்ட, கிருமி அதிகமாகச் செத்தது. எல்லோரும் டீச்சரைப் பாராட்டினார்கள். டீச்சர் இன்னும் கூட்டினார். ஒருநாள் மதியம் தனியாகச் சோதித்துப் பார்த்தால், பட்டையிலிருந்த நல்ல பாக்டீரியாவும் ஒன்றுவிடாமல் செத்துக் கிடந்தது.

"உயிரோட இருக்கா, டீச்சர்?"

"இருக்கு சிஸ்டர்." வாய் முந்திக்கொண்டது. நோட்டிலும் அப்படியே எழுதிவிட்டார். பிறகு பேச்சை மாற்றப் பார்த்தார். "ஒரு உயிரு எவ்வளவு வெள்ளியத்தான் தாங்கும், சிஸ்டர்?"

சிஸ்டர் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான பால் வாங்கிவந்தார். பட்டையில் ஒரு துண்டு வெட்டி அதில் போட்டு மூடினார்.

"உயிர் இருந்தா காலைக்குள்ள உறைஞ்சிருக்கும். பாலைக் கேப்போம்."

ஜெபமாலைக்கு மணி அடித்தது. சிஸ்டர் கோவிலுக்குப் போனார்.

டீச்சரும் கிண்ணமும் மட்டும். பரீட்சையில் துண்டுச்சீட்டோடு பிடிபட்ட பிள்ளைகளை, வகுப்பு பார்க்க எத்தனை தடவை நிற்கவைத்திருப்பார். நினைத்தபோதே காது சுட்டது. ஆனாலும் கை, பையிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்தது. விடுதியில் வாங்கிய தயிர்சாதம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஓரத்தில் ஊறி நின்ற தயிரில் ஒரு சொட்டு பாலில் விழுந்தது.

காலையில் பால் கட்டியாக உறைந்திருந்தது.

சவேரியாயியும் பார்க்க வந்திருந்தாள், கையில் சுற்றிய துணியோடு. "உறைஞ்சிடுச்சே! அப்ப என் கையும் ஆறிடும்."

சிஸ்டர் கரண்டியால் மெல்லக் கீறினார். கரண்டியோடு ஒரு கடுகு ஏறி வந்தது.

சவேரியாயி சிரித்துவிட்டாள். "என்ன சிஸ்டர், உங்க பாக்டீரியா தாளிக்கக்கூடச் செய்யுதா? நான் தாளிச்ச மாதிரியே கருக விட்டிருக்கு. எனக்காவது ஒத்தைக் கை, அதுக்கென்ன கேடு?"

சிஸ்டர் சிரிக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. கடுகை விரல்நுனியில் எடுத்து, திறந்திருந்த நோட்டில் 'உயிரோடு உள்ளது' என்ற வரியின்மேல் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சரால் நிமிர முடியவில்லை. நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. தன்னிடம் படித்த பெண், தன் முகத்தைப் பார்க்கக் கூசி நிற்கிறாள்.

சவேரியாயி பாட்டுக்குத் துணியை அவிழ்த்தாள். முழங்கை வரை தோல் உரிந்து சிவந்திருந்தது. அந்தக் கையை மேசைமேல் நீட்டிவைத்தாள்.

"அப்ப இன்னைக்கே கட்டிடலாமா, சிஸ்டர்?"

"டீச்சரைக் கேளுங்கக்கா" என்றார் சிஸ்டர்.