விரிசலுக்குக் குறுக்கே ஒரு பட்டை

நெடுங்கரை நகரத்தில் யாருக்கும் சொந்தமில்லாத எல்லாவற்றுக்கும் உமையாள் அம்மையார்தான் சொந்தக்காரி என்று ஊரார் கேலி பேசுவார்கள். மன்றம், சாவடிகள், சந்தைக் கொட்டகை, குளப்படிகள், பூந்தோட்டங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஓடு நழுவினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் ஆடு புகுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவரிடம் ஒரு சீடர் இருந்தார், பெயர் திருமேனி. சீடர் என்றதும் பால்வடியும் முகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மீசை நரைத்தவர். அம்மையாரைவிடப் பல வயது மூத்தவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மரக்கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, ஊரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கற்க வந்து சேர்ந்தவர். ஆர்வம் என்றால் அப்படியோர் ஆர்வம். ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் நாலு ஆணி அடித்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து சொல்வார்.

"அம்மா, நான் எப்பத் தனியாப் பாத்துக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

"பாப்போம்" என்பார் அம்மையார்.

அந்த ஆண்டு அதற்கு வேளை வந்தது. நகரம் பெருத்துவிட்டதால் தெற்குப் பாதியைத் தனியாக ஒருவரிடம் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. ஆடித் திருவிழாவன்று மாலை, மன்றத்து மேடையில், நகரத்தலைவர் அம்பலத்தார் அவருடைய பெயரை அறிவிப்பார். அது யார் என்று ஊருக்கே தெரியும். திருமேனியின் மனைவி புதுச்சேலை எடுத்துவிட்டாள். சம்பந்தி வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள்.

விழாவுக்குச் சில நாள் முன்பு, ஆற்றின் மேற்பக்கம் தொலைவில் இருந்த ஒரு பாலத்தைப் பார்க்க அம்மையார் போகவேண்டி வந்தது.

"மன்றத்தைக் கூட்டித் துடைச்சு வைங்க. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது போதுமா திருமேனிக்கு? ஆள் சேர்த்தார். சாரம் கட்டினார். சுண்ணாம்பு குழைத்தார். விழாவன்று காலை அம்மையார் திரும்பி வந்தபோது, மன்றம் உள்ளும் புறமும் பாலில் குளித்ததுபோல் நின்றது. வாசலில் மேளக்காரர்கள் இப்போதே வந்து மேளத்து வார்களை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கம்மா, உள்ள வாங்க" என்று திருமேனி முன்னால் ஓடினார். அவருடைய மீசையிலும் சுண்ணாம்பு இருந்தது.

அம்மையார் தூண்களைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். சிரித்தார். பிறகு மேல்மாடத்தைத் தாங்கும் கிழக்குச் சுவரருகே போனதும் நின்றுவிட்டார்.

"இங்க பட்டை இருந்துச்சே?"

பட்டை என்பது அந்த ஊர் வழக்கம். சுவரில் விரிசல் கண்டால் உடனே அடைத்துவிட மாட்டார்கள். விரிசலுக்குக் குறுக்கே சுண்ணாம்புச் சாந்தைப் பட்டையாகப் பூசி விட்டுவிடுவார்கள். சுவர் நகர்ந்தால் பட்டை வெடிக்கும். நகராவிட்டால் பட்டை அப்படியே இருக்கும். சுவரின் மனதை அறிய அவர்களுக்கு வேறு வழி கிடையாது. கிழக்குச் சுவரில் அந்தப் பட்டைகளைப் போன ஆண்டு தன் கையாலேயே பூசியவர் திருமேனி.

"அசிங்கமா இருந்துச்சும்மா. சுரண்டி எடுத்துட்டு, விரிசலையும் அடைச்சு, மேல வெள்ளை அடிச்சுட்டேன். எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

"சுரண்டும்போது வெடிச்சிருந்துச்சா?"

திருமேனியின் சிரிப்பு நின்றது.

"பாக்கலையா?"

"அவசரத்துல… ஆளுங்க சுரண்டினாங்க. நான் தெக்குப் பக்கம் சாரத்துல இருந்தேன். அள்ளிக் கொட்டியாச்சு."

சுரண்டிய ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். யாரும் பார்த்திருக்கவில்லை. சாந்து பொடிப்பொடியாக வந்தது என்றார்கள். உளி பட்டால் எந்தச் சாந்தும் பொடியாகத்தான் வரும்.

திருமேனி இத்தனை நாள் கற்றதில் முதல் பாடமே அதுதானே. வெள்ளைச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"அம்மா, இது நிக்குமா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் ஊர்ல இல்லையே."

"பாத்தா நல்லாத்தான் இருக்கு."

"இப்ப எல்லாமே நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் மேல யாரு உக்காருவாங்க?"

"பொம்பளைங்களும் பிள்ளைங்களும். வழக்கம்போல மாடம் முழுக்க."

"கீழ?"

"மத்தவங்க எல்லாரும்."

அம்மையார் பயணக் களைப்பில் ஒரு தூணடியில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டார்.

"நீங்க வந்து ஊர்க்காரங்ககிட்ட சொல்றீங்களாம்மா?"

"நீங்கதானே திருமேனி பொறுப்பு. உங்களுக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்லுங்க."

வெளியே மேளம் கொட்டத் தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் கூட்டம். பாய் சுருட்டியவர்கள், பிள்ளையைத் தோளில் தூக்கியவர்கள், நல்ல இடம் பிடிக்க மதியத்துக்கு முன்பே வந்துவிட்டவர்கள். படியேறி வந்த அம்பலத்தார் திருமேனியைக் கண்டதும் கையை விரித்தார்.

"என்னய்யா இது, மன்றத்துக்கே கல்யாணம் பண்ணி வெச்சிருக்கீங்க. திறங்க, திறங்க."

"இன்னிக்குத் திறக்க முடியாதுங்க."

மேளம் நின்றது.

"ஏன், சுவர் விழப்போகுதா?"

"தெரியாதுங்க."

"அப்ப நிக்குமா?"

"அதுவும் தெரியாதுங்க."

"உங்களுக்கு என்னதான்யா தெரியும்?"

"பட்டையைப் பாக்காம சுரண்டிட்டேன். அது தெரியும்."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் கத்தினார்கள். மனைவியின் புதுச்சேலை கூட்டத்தில் ஓரிடத்தில் தெரிந்தது. திருமேனி அந்தப் பக்கம் பார்க்காமல் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அம்பலத்தார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். திருமேனி நகரவில்லை. கடைசியில் ஒரு பூக்காரி, "பூ வாடுதுய்யா, மைதானத்துக்காவது போவோம்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மேளக்காரர்கள் அவள் பின்னால் போனார்கள். கூட்டமும் போனது.

மைதானத்தில் ஆடிக்காற்று சும்மா விடவில்லை. பந்தல் துணி பறந்து கோவில் மரத்தில் மாட்டிக்கொண்டது. பாயசத்தில் மண். ஆனால் மாடம் இல்லாததால் பெண்களும் பிள்ளைகளும் மேடைக்கு முன்னாலேயே உட்கார்ந்து, கூத்தாடிகளோடு சேர்ந்து பாடினார்கள். அப்படியொரு விழாவை நெடுங்கரை பார்த்ததில்லை என்று சொன்னவர்களும் உண்டு. மண் சாப்பிட்டதை மறக்காதவர்களும் உண்டு.

தெற்குப் பாதிக்கு யார் என்று மட்டும் அம்பலத்தார் அறிவிக்கவில்லை.

"இவருக்கே குடுங்க" என்றார் அம்மையார்.

"மழை வரட்டும்" என்றார் அம்பலத்தார். "சுவர் கெட்டதுன்னு தெரிஞ்சா இவர் ஊரைக் காப்பாத்தினவர், பதவி இவருக்கு. நல்ல சுவர்னு தெரிஞ்சா ஊர்த் திருவிழாவைக் கெடுத்தவர், பதவி வேற ஆளுக்கு. சரிதானே?"

கூட்டம் சரி என்றது.

அடைத்த விரிசலைத் திரும்பக் கீறித் திறந்து, திருமேனி புதுப் பட்டைகள் பூசினார். அன்றிலிருந்து ஊருக்கு வேறு பேச்சே இல்லை. சந்தைக்குப் போகிறவர்கள் மன்றத்துச் சன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெடிக்கும் என்று ஒரு கட்சி, வெடிக்காது என்று ஒரு கட்சி. மாமனாரும் மருமகனும் எதிரெதிர்க் கட்சியில் சேர்ந்து பேசாமல் இருந்த வீடும் உண்டு.

திருமேனி விடிந்ததும் போய்ப் பார்ப்பார். மழைக்காலம் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடித்தளத்தில் கரிசல் மண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுவர் நகர்வதாக இருந்தால் ஐப்பசியில் தெரிந்துவிடும்.

ஐப்பசி மழை வந்தது. கொட்டிய கொட்டில் குளம் நிரம்பி வழிந்தது. மழை விட்ட காலையில் திருமேனி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார். இரண்டு கட்சியும் அவர் பின்னால் ஓடின. சேற்றில் வழுக்கி விழுந்தவர்களை எழுப்பக்கூட யாரும் நிற்கவில்லை. கதவைத் திறந்து விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

பட்டைகளில் மயிரிழை வெடிப்புக்கூட இல்லை.

வெடிக்காது கட்சி துள்ளிக் குதித்தது. திருமேனி விளக்கோடு அப்படியே நின்றார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அம்மையாரிடம் போனார். குளப்படியில் பாசி தேய்ப்பதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார் அம்மையார்.

"சுவர் நல்லா இருக்கும்மா."

"நல்லதாப் போச்சு."

"வெடிக்கணும்னு வேண்டிக்கிட்டேம்மா. தினம் போய், வெடிச்சிருக்காதான்னு பாத்தேன். ஊரைப் பாத்துக்கற வேலைக்கு வந்துட்டு ஊர்ச் சுவரு இடியணும்னு நெனச்சிருக்கேன். வெக்கமா இருக்கு."

"கதவைத் திறந்ததும் விளக்கைக் கிட்ட வெச்சுப் பாத்தீங்களா, தூர வெச்சா?"

"கிட்ட வெச்சுத்தான்."

"எல்லாப் பட்டையையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்ப மழைக்காலம் முடியறவரைக்கும் அப்படியே பாருங்க" என்று சொல்லிவிட்டு அம்மையார் படிக்குத் திரும்பினார்.

தை பிறந்ததும் மன்றத்தைத் திறந்தார்கள். விட்டதைப் பிடிப்பதுபோல ஊரே திரண்டது. மேல்மாடம் முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும். அவர்கள் ஓடுகிற ஓட்டத்தில் மாடத்துப் பலகைகள் அதிர்ந்தன. அம்பலத்தாரின் மகள்கள் இருவரும், பேரப்பிள்ளைகளும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "தாத்தா, இங்க பாருங்க" என்று கையாட்டினார்கள். அம்பலத்தாரும் கீழேயிருந்து கையாட்டினார். பூரிப்பாக இருந்தார்.

"பாத்தீங்களாம்மா? கல்லுமாதிரி நிக்குது" என்றார் அம்மையாரிடம். "அன்னிக்குத் திறந்திருந்தா ஒரு குறையும் வந்திருக்காது. ஊரே மண்ணைத் தின்னுச்சு. இந்த மனுஷருக்கு எப்படித் தெற்குப் பாதியைக் குடுக்கறது?"

திருமேனி பக்கத்தில்தான் நின்றார்.

"அவர் சொல்றது சரிதாம்மா. அன்னிக்குத் திறந்திருக்கலாம்."

"திறந்திருக்கலாம்" என்றார் அம்மையார். அம்பலத்தார் பக்கம் திரும்பினார். "ஆனா அன்னிக்குச் சுவர்ல பட்டை இல்லைங்க. சுவர் நிக்குமான்னு யாரை மேல ஏத்தி வெச்சுப் பாத்திருக்கலாம்? நீங்களே ஒரு பேர் சொல்லுங்க."

அம்பலத்தார் சிரிக்கப் போனார். மேலேயிருந்து மறுபடி "தாத்தா" என்று குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தார். அந்த வரிசையை ஒவ்வொரு முகமாக, கடைசிவரை பார்த்தார்.

பிறகு, தெற்குப் பாதிக்கு யார் என்று அறிவிக்க, திருமேனியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு நடந்தார்.