குருவம்மா கோழியைக் கொன்னது யாரு?

ஒரு ஊர்ல ஒரு குருவம்மா இருந்தா. அவளுக்குப் புள்ளை குட்டி கிடையாது, கோழிதான் எல்லாம். பன்னெண்டு கோழி. விடிஞ்சு கூட்டைத் திறந்தா போதும், தபதபதபன்னு ஓடியாந்து அவ காலைச் சுத்திக்கும். பக்கத்து வீட்டுல அவ ஓரகத்தி சீனியம்மா, அதாவது அவ புருஷனோட அண்ணன் பொண்டாட்டி. சீனியம்மாகிட்ட ஒரு செவலைப் பூனை இருந்துச்சு. ம் கொட்டு, தங்கம்.

“ம்.”

அப்போ மார்கழி மாசம். பனி கொட்டுது. “ஐயோ, என் கோழிக நடுங்குமே”ன்னு, உள்ள பிளாஸ்டிக் தாள் வச்ச யூரியாச் சாக்கு நாலைக் கொண்டாந்து கூட்டோட ஓலைக் கூரை மேல விரிச்சா குருவம்மா. அந்தியில கோழிகளை அடைச்சு, கூட்டு வாசலைப் பலகையால மூடினா. விடிஞ்சு பலகையை நகட்டினா, கொர்ருன்னு வந்துச்சு கோழிக. எண்ணிப் பார்த்தா பதினொண்ணு. உள்ள குனிஞ்சு பார்த்தா, ஆத்தாடி! வெள்ளைப் பெட்டை செத்துக் கிடக்கு.

அப்புறம் அதைத் தூக்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தா. கடிச்ச தடம் இல்ல. ஒரு பொட்டு ரத்தம் இல்ல. இறகு கூட உதிரல. வாய் மட்டும் ஆன்னு திறந்திருக்கு. கொண்டை கருகருன்னு கருத்துப் போயிருக்கு.

“என்னமோ உள்ள வருது”ன்னு சொல்லிட்டு, சுவத்துல இருந்த ஓட்டை ஒண்ணு விடாம சாணியும் மண்ணும் குழைச்சு அடைச்சா. சளப், சளப், சளப்! எறும்பு கூட நுழைய முடியாது இப்போ. மறுநாள் விடிஞ்சு திறந்தா, ரெண்டு கோழி செத்துக் கிடக்கு! அதே மாதிரி திறந்த வாய். அதே கருத்த கொண்டை.

“ம்... யாரு கொன்னா?”

பொறு, சொல்றேன். அப்போ குருவம்மா என்ன செஞ்சா? பெரிய தார்ப்பாய் ஒண்ணைக் கூடு முழுக்கப் போர்த்தினா. ஓரத்துல எல்லாம் கல்லைத் தூக்கி வச்சா. சுத்தி வர சாம்பலைத் தூவினா. எது வந்தாலும் காலடி பதிஞ்சுரும்ல? காலைல ஓடிப்போய்ப் பார்த்தா, சாம்பல் தூவினது தூவின மாதிரியே கிடக்கு. ஒரு கோடு இல்ல. “அப்பாடா”ன்னு திறந்தா...

அஞ்சு கோழி. ஒண்ணு மேல ஒண்ணு.

குருவம்மா தலையில கையை வச்சுக்கிட்டா. அப்படியே உக்காந்துட்டா. மிஞ்சினது நாலே நாலு. அதுகளும் வெளிய வந்து தள்ளாடித் தள்ளாடி நிக்குது.

அந்த நேரம் பார்த்து மதில் மேல செவலைப் பூனை நடந்து போச்சு. வந்துச்சு பாரு அவளுக்கு ஆங்காரம்!

“யக்கா! உன் பூனைதான் கொல்லுது!”

“ஏட்டி, பூனை கொன்னா ஒரு இறகாவது கிடக்காதா?”

“உன் பூனை விவரமான பூனை. கழுத்தை மட்டும் நெரிக்கும்.”

“ஆமா, நெரிச்சுட்டுக் கையைக் கழுவிட்டுப் போகும்! சாம்பல்ல காலடி எங்கட்டி?”

“தாவியிருக்கும்!”

“தாவி? பலகையைத் திறந்து, உள்ள போயி, அஞ்சைக் கொன்னு, திரும்பச் சாத்திட்டுத் தாவிருச்சா?”

வாய்ச்சண்டை முத்திப் போச்சு. அன்னிக்கு அந்தியில சீனியம்மா விறுவிறுன்னு வந்தா. பூனையை ஒரு யூரியாச் சாக்குல திணிச்சா. கீறிக் கிழிச்சிராம இருக்க அதை இன்னொரு சாக்குக்குள்ள வச்சு, வாயை இறுக்கிக் கட்டினா. “இந்தா கிடக்கு, உன் வாசல்லயே. காலைல கோழி சாகலைன்னா பால் வண்டியில ஏத்தி ஏரிக்கு அந்தாண்ட விட்டுரு. செத்துச்சுன்னா என் கால்ல விழு!”ன்னா.

குருவம்மாவுக்கு அதுவரைக்கும் பொறுக்கல. “பூனை கட்டிக் கிடக்கு. இப்போ யாரு வர்றான்னு நானே பாக்குறேன்”னு கம்பை எடுத்துக்கிட்டு, குனிஞ்சு கூட்டுக்குள்ள போயி நாலு கோழியோட உக்காந்துட்டா. “யக்கா, எப்பவும் போல அடை”ன்னா. சீனியம்மா பலகையைச் சாத்தினா. தார்ப்பாயை இழுத்து விட்டா. டொம், டொம், டொம்! கல்லைத் தூக்கி வச்சா.

“ம்...”

உள்ள இருட்டு. கொஞ்ச நேரம் ஆச்சு. வேர்த்துச்சு. அப்புறம் கண்ணெல்லாம் எரிஞ்சுச்சு. அப்புறம், தங்கம், அவ தொண்டையை யாரோ பிடிச்சாக! படார்னு கம்பை வீசினா. யார் மேலயும் படல. கையால துழாவினா. சுவர், சுவர், சுவர். யாருமே இல்ல! ஆனா தொண்டையைப் பிடிச்ச பிடி இறுகுது. பக்கத்துல கோழிக வாயை ஆன்னு திறந்துக்கிட்டு, ஹே... ஹேன்னு இழுக்குது. அவளும் வாயை ஆன்னு திறந்து, ஹே... ஹேன்னு இழுக்குறா.

கோழி மாதிரியே!

அப்போதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பலகையை ஓங்கி உதைச்சா. தடால்! கல்லு உருள, தார்ப்பாயைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்து விழுந்தா.

“எவன்டி வந்தான்?”ன்னு ஓடியாந்தா சீனியம்மா.

“யாரும் வரல யக்கா. காத்து வரல. நான்... நானே மூடி மூடி...”

சொல்லிக்கிட்டே இருந்தவ பாதியில நிறுத்திட்டா. வாசலைப் பார்த்தா. சாக்கு! அதே பிளாஸ்டிக் வச்ச சாக்கு. ஒண்ணுக்கு ரெண்டு. அசையாமக் கிடக்கு.

எந்திரிச்சு ஓடினா. முடிச்சு அவிழல. பல்லால கடிச்சு அறுத்தா. பூனையை வெளிய இழுத்தா. துணி மாதிரித் தொங்குது. வாய் திறந்திருக்கு.

“பூனை செத்துருச்சா?”

சீனியம்மா ஐயோன்னு தலையில அடிச்சுக்கிட்டா. குருவம்மா முறத்தை எடுத்து விசிறினா. விசுக், விசுக், விசுக். ஒண்ணும் இல்ல. நெஞ்சைத் தடவினா. ஒண்ணும் இல்ல. “என் சாமி, மூச்சை விடு, என்னைக் கொலைகாரி ஆக்கிராதே”ன்னு மூஞ்சிக்கிட்ட குனிஞ்சா பாரு...

புஸ்ஸ்!

சர்ர்ருன்னு ஒரே கீறல். மூக்குல இருந்து கன்னம் வரைக்கும்!

“கீறு ராசா, இன்னொண்ணு கீறு”ன்னு குருவம்மா அழுகுறா.

“ஏட்டி, மூக்குல ரத்தம்!”

“வரட்டும் யக்கா. எட்டுக் கோழி ஒரு சொட்டு ரத்தம் இல்லாமச் செத்துச்சு.”

அப்புறம் ரெண்டு பேருமாச் சேர்ந்து சாக்கை உருவி, சாணியை இடிச்சு, கூட்டுல பழையபடி காத்துப் போக வழி பண்ணினாக.

“அந்த எட்டுக் கோழியும் திரும்ப வருமா?”

வராது தங்கம். செத்தது வராது. நாலு இருந்துச்சு. அதுகளுக்கு மூச்சு முட்டாமப் பார்த்துக்கிட்டா.

கதை கரை சேர்ந்துச்சு, கண்ணு கடை சாத்தட்டும். எங்கே, போர்வையை மூஞ்சியை விட்டு இறக்கு. இன்னும் கொஞ்சம். ஆங்... இப்போ தூங்கு.